மூன்று திட்டங்களில் ஒரு மதகு

8 செப்டம்பர் 2010, புதன்

இன்று எனக்கு ஒரு நாட்குறிப்பேடு கிடைத்தது. 2010ஆம் ஆண்டுக்கானது. ஒன்பதாம் மாதத்தில் விநியோகிக்கிறார்கள். அட்டையில் சூரியன் உதிக்கிறது. சூரியனுக்குக் கீழே நான்கு நிறுவனங்களின் சின்னங்கள். மீள்குடியேறிய குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று கணக்கு. எங்கள் வீரையடிக்குளத்தில் எழுபத்திரண்டு குடும்பங்கள். பலர் ஜனவரி தொடக்கம் ஓகஸ்ட் வரையான தாள்களைக் கிழித்து அடுப்பு மூட்டிவிட்டார்கள். நான் கிழிக்கவில்லை. அந்த எட்டு மாதங்களைப் பற்றி யாராவது ஒருநாள் என்னிடம் கேட்கக்கூடும்.

கேட்பவருக்காக: பெயர் சபாநடேசன். வயது ஐம்பத்துமூன்று. பொறியியல் படித்தவன். திட்டமிடல் திணைக்களத்தில் உதவிப் பணிப்பாளராகச் சேர்ந்து, பத்தொன்பது வருடம் கழித்து உதவிப் பணிப்பாளராகவே வெளியே வந்தவன். திருமணம் ஆகவில்லை. 1984இல் பேசி முறிந்த சம்பந்தத்துக்குப் பெண் வீட்டார் மன்னிப்புக் கேட்கும்வரை வேறு பெண் பார்ப்பதில்லை என்று சொல்லியிருந்தேன். அவர்கள் இன்னும் கேட்கவில்லை.

‘நாட்டை மீளக் கட்டியெழுப்புதல்: ஓர் ஒருங்கிணைந்த அணுகுமுறை’ என்ற 312 பக்கத் திட்டம் என்னுடையது. அதை அரசாங்கத்துக்கும் கொடுத்தேன், இயக்கத்துக்கும் கொடுத்தேன், சமாதான காலத்தில் வந்த வெள்ளைக்காரருக்கும் கொடுத்தேன். இத்தனை வருடப் போரில் மூன்று தரப்பும் ஒத்துப்போன ஒரே விடயம் அதை வாசிக்காமல் விட்டதுதான்.

இப்போது நான் வீரையடிக்குளம் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். இடப்பெயர்வில் மூக்குக்கண்ணாடி உடையாமல் தப்பிய ஒரே ஆள் என்பதால் தெரிவுசெய்தார்கள்.

13 செப்டம்பர், திங்கள்

ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. கொழும்பிலிருந்து ஷாமினி என்றொரு பிள்ளை. நல்ல பிள்ளை, வெயிலில் கறுத்துப்போய்விடுவேன் என்ற கவலை மட்டும் முகத்தில் இருந்தது. கலர் மாவைப் பைகளில் கொண்டுவந்து, ஊரின் வரைபடத்தை ஊரவர்களே நிலத்தில் கீற வேண்டும் என்றாள். பெண்கள் குந்தியிருந்து நீல மாவால் குளத்தைக் கீறினார்கள், மஞ்சளால் வீடுகளைக் கீறினார்கள். பிறகு பக்கத்து வளவுச் சுகிர்தா எழும்பிப் போய், அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டு கொண்டுவந்து, பாதை நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் போட்டாள்.

“உது என்ன அக்கா?” என்று ஷாமினி கேட்டாள்.

“மதகு.”

“மதகா?”

“இருந்த இடம்.”

நான் விளக்கினேன். ஊருக்குள் வர ஒரே பாதை. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் ஓடையாக அந்தப் பாதையைக் குறுக்கறுத்துப் போகும். பாதைக்குக் கீழால் அதைப் போகவிடுவதற்கு இருந்த மதகு போரில் உடைந்துபோயிற்று. கோடையில் மணலில் நடந்து கடக்கலாம். மாரியில் கழுத்தளவு ஓடும். இரண்டு மாதம் ஊர் தீவாகிவிடும்.

சுகிர்தாவுக்கு ஆறாம் மாதம். இரத்த அழுத்தம் கூட என்று கிழமைக்கொருமுறை பட்டணத்துக்குக் கிளினிக் வரச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை மார்கழிக் கடைசியில். ஓடை அதற்கு முன்னரே பெருகிவிடும்.

“போன முறையும் பாதை இல்லாமல்தான்” என்றாள் சுகிர்தா. மாவைத் தட்டிவிட்டுக்கொண்டு அவள் சொன்னது அவ்வளவுதான். ஷாமினி எழுதுவதை நிறுத்திவிட்டாள். போன முறை என்பது போர் முடிந்த வருடம். அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை.

பிறகு நிறுவனம் தன்னுடைய பட்டியலை வாசித்தது: ஆடு வளர்ப்பு, சமாதானக் கழகம், தலைமைத்துவப் பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் கை உயர்த்தினார்கள். சங்கத் தலைவர் கந்தவனம் இரண்டு கையையும் உயர்த்தினார்.

“தலைமைத்துவப் பயிற்சி உமக்கு என்னத்துக்கு?” என்று பிறகு கேட்டேன்.

“ஓம் எண்டு சொன்னால் கூட்டம் கெதியா முடியும். முகாமிலை படிச்ச படிப்பு” என்றார்.

மதகு அவர்களுடைய திட்டத்தில் மூன்றாம் இலக்கம்.

14 செப்டம்பர், செவ்வாய்

பருப்பு அடிப்பிடித்தது. சுகிர்தா வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் குழம்பு தந்தாள். “மாமா, உங்கட பருப்பு மணம் ரோட்டு மட்டும் வருது” என்றாள். நான் அவளுக்கு மாமா முறை இல்லை. திருத்தவில்லை.

17 செப்டம்பர், வெள்ளி

அரசாங்கத் திட்டம் வந்தது. படம் காட்டும் கருவி கொண்டுவந்தார்கள். மின்சாரம் இல்லை என்பதை வந்தபிறகு கண்டுபிடித்தார்கள். ஜெனரேற்றர் வந்து, அதற்கு டீசல் வந்து, கூட்டம் தொடங்கியபோது பின்னேரம் மூன்று. ‘2020இல் வீரையடிக்குளம்’ என்று ஒரு படம். அதில் நான்கு வரிசைப் பாதை, நடுவில் பூஞ்செடிகள், ஒரு சிவப்புப் பேருந்து.

“உது எந்த நாடு தம்பி?” என்று கந்தவனம் கேட்டார்.

“மாதிரிக்குத்தான் ஐயா.”

“நல்ல நாடு” என்று கந்தவனம் கை உயர்த்தினார். எல்லோரும் உயர்த்தினார்கள்.

மதகு அதில் பதினான்காம் இலக்கம். நான் வற்புறுத்திச் சேர்ப்பித்தேன்.

26 செப்டம்பர், ஞாயிறு

கனடாவிலிருந்து பரமலிங்கம் வந்தான். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். உயர்தரப் பரீட்சையில் என் கணக்குக் கொப்பியை இரவல் வாங்கிப் படித்து என்னைவிட இரண்டு புள்ளி கூட எடுத்தான். கொப்பி இன்னும் திரும்பி வரவில்லை.

அரைக் காற்சட்டையும் தொப்பியுமாக வந்து இறங்கி, “மச்சான், நீ இன்னும் இஞ்சைதானோ?” என்றான்.

“வேறை எங்கை போகச் சொல்லுறாய்?”

“இல்லை, சும்மா கேட்டன்.”

அவர்களுடைய புலம்பெயர் சங்கத்தின் திட்டம் பளபளக்கும் தாளில் இருக்கிறது. மாதிரிக் கிராமம். நுழைவாயிலில் ஒரு வளைவு, வளைவுக்கு மேலே யானை. மதகும் உண்டு, ஆறாம் இலக்கம். இரு பக்கச் சுவரிலும் நன்கொடையாளர் பெயர்கள் பொறிக்கப்படும். ஓடையின் அகலம் பன்னிரண்டு அடி, நன்கொடையாளர் நாற்பத்தொரு பேர் என்று சொன்னேன். “எழுத்தைச் சின்னனாக்கலாம்” என்றான். அவன் அன்றும் இப்படித்தான், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பான்.

30 செப்டம்பர், வியாழன்

மூன்று திட்டங்களையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். நாட்டைக் கட்டியெழுப்ப ஒருவர் மேலிருந்து தொடங்குகிறார், ஒருவர் கீழிருந்து தொடங்குகிறார், ஒருவர் வெளியிலிருந்து தொடங்குகிறார். மூன்றிலும் மதகை எழுதுவித்தவன் நான். ஒரு கூரைக்கு ஒரு மரம் போதுமென்றால் மூன்று மரம் வைப்பவன்தான் நல்ல பொறியியலாளன்.

சுகிர்தாவுக்குச் சொன்னேன்.

“மூண்டு மதகு கட்டிப்போடுவினமோ மாமா?”

“கட்டட்டும். ஒண்டிலை நீ போ, ஒண்டிலை நந்தன் வரட்டும்.”

“மற்றதிலை?”

“அதிலை நான் நிண்டு பாக்கிறன்.”

சிரித்தாள். நந்தன் அவள் புருஷன், மேசன் வேலை. அவனும் சிரித்தான். அவன் சிரித்து நான் கண்டது குறைவு.

6 ஒக்டோபர், புதன்

இன்று மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் ஒருங்கிணைப்புக் கூட்டம். எல்லாத் திட்டங்களையும் ஒரே மேசையில் வைத்து இணக்கம் காணும் கூட்டம். என் பெயர் போட்டு அழைப்பு வந்திருந்தது. தலைமை: மாவட்டத் திட்டமிடல் பணிப்பாளர் திரு. விமலேந்திரா. 1996இல் எனக்கு வரவேண்டிய பதவியில் ஏறி உட்கார்ந்தவர். அதற்கு முன் ஆறு வருடம் எனக்குக் கீழே வேலை பழகியவர். கடிதம் எழுத நான்தான் பழக்கினேன்.

காலையில் தலைவலி. கந்தவனத்தை அனுப்பினேன்.

பின்னேரம் திரும்பி வந்தார். “எல்லாம் ஒற்றுமையா முடிஞ்சுது. மூண்டு பகுதியும் விட்டுக்குடுத்துத்தான் கதைச்சவை. சாப்பாடு கோழிக் கறி.”

“மதகு?”

“கதைச்சவை. நான் ஓம் எண்டன்.”

12 ஒக்டோபர், செவ்வாய்

வடகிழக்கில் கருமேகம். கொஞ்சம் தூறியது. மதகுக்குச் சீமெந்து வந்து இறங்கவில்லை. மூன்றில் ஒன்றுகூட வரவில்லை.

19 ஒக்டோபர், செவ்வாய்

கூட்டத்தின் இறுதி அட்டவணை தபாலில் வந்தது. பதினெட்டுப் பக்கம். மதகைத் தேடினேன்.

தொண்டு நிறுவனத்தின் பட்டியலில் இலக்கம் மூன்று: வெட்டப்பட்டுள்ளது. குறிப்பு: ‘அரச திட்டத்தில் உள்ளது.’

அரச திட்டத்தில் இலக்கம் பதினான்கு: வெட்டப்பட்டுள்ளது. குறிப்பு: ‘புலம்பெயர் சங்கத்தின் திட்டத்தில் உள்ளது.’

சங்கத்தின் திட்டத்தில் இலக்கம் ஆறு: வெட்டப்பட்டுள்ளது. குறிப்பு: ‘தொண்டு நிறுவனத்தின் திட்டத்தில் உள்ளது.’

ஒரே வேலையை இரண்டு பேர் செய்து வளத்தை வீணாக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதி. 1989இல் அந்த விதியை எங்கள் திணைக்களத்துக்கு எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

யானை வளைவு வெட்டப்படவில்லை. வேறு யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

20 ஒக்டோபர், புதன்

சுகிர்தாவிடம் சொல்லவில்லை. கிழக்கு வேலி சரிந்திருந்தது, கட்டினேன். பிறகு சரியாமல் இருந்த மேற்கு வேலியையும் அவிழ்த்துக் கட்டினேன்.

28 ஒக்டோபர், வியாழன்

‘அபிவிருத்தி ஒருங்கிணைப்பில் இரட்டிப்புத் தவிர்ப்பு விதியின் முறைகேடான பிரயோகம்’ என்ற தலைப்பில் ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது பக்கம் வந்துவிட்டது. கொழும்புக்கு அனுப்புவேன். மாவட்டத்துக்கு அனுப்புவதில்லை.

நந்தன் வேலிப் பக்கம் நின்று கேட்டான்: “மாமா, விமலேந்திரா ஐயாவை நேரை போய்ப் பாத்தால் என்ன?”

“அதுக்கு ஒரு முறை இருக்கு.”

“எத்தினை நாள் பிடிக்கும் அந்த முறைக்கு?”

 அவன் மேசன், முறை தெரியாது. ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர்.

5 நவம்பர், வெள்ளி, தீபாவளி

முழு நாளும் மழை. சுகிர்தா பயற்றம் பணியாரம் அனுப்பினாள். மருத்துவிச்சி அவளைப் படுத்திருக்கச் சொல்லியிருக்கிறார். படுத்திருந்து வாசிக்க ஏதாவது தாருங்கள் என்று கேட்டாள். என்னிடம் இருந்தது என் திட்டம்தான். 312 பக்கத்தையும் கொடுத்துவிட்டேன்.

பின்னேரம் பார்க்கப் போனபோது கிட்டத்தட்ட முழுவதும் புரட்டியிருந்தாள்.

“எப்பிடி?”

“நல்லா எழுதியிருக்கிறியள் மாமா. துறைமுகம் இருக்கு, ரயில் பாதை இருக்கு, பல்கலைக்கழகம் எத்தினை எண்டும் இருக்கு.” கொஞ்சம் யோசித்தாள். “எங்கட மதகை மட்டும் காணேல்லை.”

“அது நாட்டுக்கான திட்டம் பிள்ளை.”

“ஓம். நாங்கள் எந்த நாடு?”

கேலியாகத்தான் கேட்டாள். பணியாரத்தை முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

9 நவம்பர், செவ்வாய்

ஓடையில் தொடையளவு தண்ணீர். மருத்துவிச்சி அக்கரையில் ஸ்கூட்டரை நிறுத்தி அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். சுகிர்தாவும் கிளினிக் போகவில்லை. நந்தன் தூக்கிக்கொண்டு கடக்கிறேன் என்றான். இழுப்பு அதிகம், நான் விடவில்லை.

கந்தவனம் குடையோடு என் பக்கத்தில் நின்றார். “பிளான் ஐயா, கோவிக்கக் கூடாது. அண்டைக்குக் கூட்டத்திலை என்னத்தை வெட்டுறாங்கள் எண்டு எனக்கு விளங்கேல்லை. நீங்கள் இருந்திருந்தால் விளங்கியிருக்கும்.”

கோபிக்கவில்லை.

10 நவம்பர், புதன்

ஒக்டோபர் ஆறாம் திகதி எனக்குத் தலைவலி இருக்கவில்லை.

விண்ணப்பம் பதினான்கு பக்கத்தில் முடிந்தது. நாளை கச்சேரி போகிறேன். இன்று சேட்டைத் தோய்த்துக் காயப்போட்டேன். மழையில் காயவில்லை.

11 நவம்பர், வியாழன்

காற்சட்டையைச் சுருட்டி, சப்பாத்தைப் பையில் போட்டு, கந்தவனம் பிடித்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடையைக் கடந்தேன். ஈரச் சேட்டோடு கச்சேரி வாங்கில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரமாவது காக்க வைப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்குத் தயாராகவும் வந்திருந்தேன். இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டார். அந்த அவமானத்தைக்கூட எனக்குத் தரவில்லை.

விமலேந்திரா எழுந்து நின்றார். தலை நரைத்துவிட்டது.

“வாங்கோ சேர். இருங்கோ. நனைஞ்சுபோய் வந்திருக்கிறியள்.”

இன்னும் ‘சேர்’. குத்துகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

விண்ணப்பத்தை நீட்டினேன். வாங்கி வாசித்தார். பதினான்கு பக்கத்தையும் வாசித்தார். நான் எழுதிய ஒன்றை என் கண் முன்னால் ஒருவர் முழுதாக வாசித்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. தேநீர் ஆறிப்போயிற்று.

“சேர், மதகு ஒன்பதாம் பக்கத்திலைதான் வருது.”

“முன்னுரை தேவைப்பட்டுது.”

“அதிலை ஒரு கர்ப்பிணிப் பெண் எண்டு ஒரு வரி. ஆர் அது?”

சொன்னேன். கிளினிக், மருத்துவிச்சி திரும்பிப் போனது, போன முறை எல்லாம் சொன்னேன். எட்டு நிமிடம் பிடித்திருக்கும்.

“இதை எழுதியிருந்தால் அரைப் பக்கம்” என்றார். பிறகு, “கூட்டத்துக்கு உங்களைத்தான் கூப்பிட்டனான். அழைப்பிலை உங்கட பேரை நானே எழுதினனான். நீங்கள் வந்திருந்தால் அந்த மூண்டு வெட்டையும் அந்த இடத்திலையே பிடிச்சிருப்பியள். எனக்குத் தெரியும்.”

“எனக்கு அண்டைக்கு...” என்று தொடங்கி நிறுத்தினேன். “நீர் தலைமை எண்டபடியால் வரேல்லை.”

 மேசையில் ஒரு தாள்பாரம் இருந்தது. அதை இந்தப் பக்கம் வைத்து, பிறகு அந்தப் பக்கம் வைத்தார்.

“தொண்ணூற்றாறைச் சொல்லுறியள்.”

“நான் ஒண்டும் சொல்லேல்லை.”

“சேர், அந்தப் பதவிக்கு நீங்கள் விண்ணப்பம் போடேல்லை. கடைசித் திகதி மட்டும் நான் பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் போடுவியள் எண்டு என்ர படிவத்தை மேசை லாச்சியுக்கை வைச்சிருந்தன். கடைசி நாள் பின்னேரம் நாலு மணிக்குத்தான் குடுத்தனான்.”

தகுதியான ஆளை அவர்களாகவே வந்து கேட்க வேண்டும் என்பது அன்று என் கொள்கை. இன்றும் அது சரியான கொள்கை என்றுதான் நினைக்கிறேன். அதற்கு ஒரு படிவ இலக்கம் இல்லை, அதுதான் குறை. பதினான்கு வருடமாக எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. நானும் ஒருவரிடமும் கேட்டதில்லை.

அவர் விடயத்துக்கு வந்தார். அட்டவணையைத் திருத்த வேண்டுமென்றால் மூன்று பகுதியும் கடிதம் தர வேண்டும், கொழும்பு ஒப்ப வேண்டும், தை மாதமாகும். பட்டியலுக்கு வெளியே அவசரத் திருத்த வேலை என்று ஒன்று உண்டு. அதற்கு அவருடைய கையெழுத்து போதும். வீதி வேலையில் மிஞ்சிய கொங்கிரீட் குழாய்கள் கச்சேரிப் பின்வளவில் கிடக்கின்றன.

“அப்ப என்ன தடை?”

“பொறுப்பா நிக்க ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேணும். எனக்கிருந்த ரெண்டு பேரும் மாற்றலாகிப் போட்டினம். தகுதியுள்ள ஒரு ஆளைத் தற்காலிகமா எடுக்கலாம்.” ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “நாட்சம்பளம். பதவி சின்னன் சேர். கேக்கவே எனக்குக் கூச்சமாக் கிடக்கு.”

“உமக்குக் கீழையோ?”

“வரவுப் பதிவேட்டிலை கையெழுத்து வைக்கோணும். அதைத் தவிர்க்க எனக்கு அதிகாரம் இல்லை.”

நானும் ஜன்னலால் பார்த்தேன். குழாய்களைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. ஒன்றுக்குள் நாய் படுத்திருந்தது.

“எத்தினை மணிக்கு?”

“எட்டரை.”

12 நவம்பர், வெள்ளி

எட்டு இருபத்தெட்டுக்குக் கையெழுத்து வைத்தேன். எனக்கு மேலே ஒரு சாரதி, கீழே ஒரு தோட்டக்காரர். சாரதியின் கையெழுத்து என்னுடையதைவிட அழகு.

15 நவம்பர், திங்கள்

மழை விட்டிருக்கிறது. கந்தவனத்தின் உழவு இயந்திரத்தில் குழாய்கள் வந்தன. கூடவே வரவுப் பதிவேடும் வந்தது, நான் தினமும் பட்டணம் போய் வராமல் இருக்க. விமலேந்திரா அனுப்பியிருக்கிறார். நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். அரைப் பக்கம்.

ஊரே சிரமதானத்துக்கு வந்தது. மண் மூட்டை அடுக்கி ஓடையை ஒரு பக்கம் திருப்பினோம். கணக்குப் போட்டு இரண்டு குழாய் போதும் என்று சொன்னேன்.

“மூண்டு வேணும்” என்றார் கந்தவனம்.

“எந்தக் கணக்கிலை?”

“தொண்ணூற்றிமூண்டிலை தண்ணி என்ர மாட்டைக் கொண்டுபோன கணக்கிலை.”

நந்தனும் அவர் பக்கம் நின்றான். எனக்கு முன்னாலேயே வாக்கெடுப்பு நடந்தது. எல்லோரும் கை உயர்த்தினார்கள். இந்த முறை கூட்டத்தை முடிப்பதற்காக உயர்த்தவில்லை என்று பட்டது. மூன்று குழாய்.

18 நவம்பர், வியாழன்

சுகிர்தா எழும்பக் கூடாது. ஆனால் வேலியோரம் கதிரை போட்டுக் குடை பிடித்துக்கொண்டு இருக்கிறாள். “மாமா, நடுக் குழாய் சரிஞ்சு கிடக்கு.” அங்கிருந்து எப்படித் தெரியும் என்று கேட்டேன். நூல் பிடித்துப் பார்த்தால் ஒன்றரை அங்குலம். நிமிர்த்தினோம். கால் வீக்கம் கூடியிருக்கிறது அவளுக்கு.

22 நவம்பர், திங்கள்

பெருமழை. மண் மூட்டைகளில் பாதி போயிற்று. நந்தன் இடுப்பளவு தண்ணீரில் நின்று சுவர் கட்டினான். போகச் சொன்னேன், போகவில்லை. நானும் இறங்கி நின்றேன். என் வேலை பிரதானமாக மூட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பது. நன்றாகப் பிடித்தேன் என்று கந்தவனம் சொன்னார். என் வேலையைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொல்லி வருடங்கள் ஆகின்றன.

24 நவம்பர், புதன்

முடிந்தது. பாதையை நிரவி மேலே கிரவல் மண் போட்டோம். முதலில் கடந்தது ஒரு ஆடு.

29 நவம்பர், திங்கள்

காலையில் ஷாமினியின் நிறுவனம் வந்து மதகடியில் பதாகை பிடித்துப் படம் எடுத்தது. அவளுக்கு வெட்கம். “மேலே இருந்து சொன்னவை அங்கிள்” என்றாள். மதியம் அரச திட்டக்காரர் வந்து பலகை நட்டார்கள். பின்னேரம் பரமலிங்கம் தன் மைத்துனனை அனுப்பி வீடியோ எடுப்பித்தான். மூன்று அறிக்கைகளிலும் இனி மதகு ‘நிறைவடைந்தது’ என்று வரும். நாட்டின் புள்ளிவிபரத்தில் வீரையடிக்குளத்துக்கு மூன்று மதகுகள்.

விமலேந்திராவுக்குத் தொலைபேசியில் முறையிட்டேன். “விடுங்கோ சேர்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு தொண்ணூறில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. எனக்கு மறந்துபோயிருந்தது.

3 டிசம்பர், வெள்ளி

விடியவே குளம் நிரம்பி வழிந்து வான் பாயத் தொடங்கிவிட்டது. பத்து மணிக்குச் சுகிர்தாவுக்குத் தலையிடி, கண் மங்கல். மருத்துவிச்சி ஸ்கூட்டரில் மதகைக் கடந்து வந்து, அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, “இப்பவே” என்றார். அம்புலன்ஸுக்கு எடுத்துச் சொல்லி, பிரதான வீதியில் நிற்கச் சொன்னார்.

உழவு இயந்திரத்தின் பெட்டியில் மெத்தை போட்டுப் படுக்க வைத்தோம். ஓடைக்கு வந்தபோது, அதற்குள் ஏறிவிட்ட தண்ணீர் பாதைக்கு மேலாலும் ஒரு சாண் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. மதகின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தெரிந்தவன் நான்தான். ஒவ்வொரு அங்குலத்தையும் அளந்திருக்கிறேன். ஒரு தடியால் ஓரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டு முன்னால் நடப்பது என்று முடிவாயிற்று.

பெட்டியிலிருந்து சுகிர்தா கேட்டாள்: “மாமா, தாங்குமோ?”

வாழ்க்கை முழுக்க நான் எழுதிய வசனம் ‘தாங்கும் என எதிர்பார்க்கப்படுகிறது’ என்பது. அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு அடிக்குறிப்பு இருக்கும். சீமெந்து இறுக ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. இருபத்தெட்டு நாள் என்பது கணக்கு. பெட்டியின் பக்கப் பலகையைப் பிடித்தபடி நந்தன் என் முகத்தைப் பார்த்தான்.

“தாங்கும்” என்றேன்.

நடந்தேன். தண்ணீர் கெண்டைக்காலில் மோதியது. பின்னால் கந்தவனம் முதலாவது கியரில் வந்தார். நடு இடத்தில் காலுக்குக் கீழே ஒரு அதிர்வு இருந்தது. அது இயந்திரமா, மதகா என்று நின்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. பன்னிரண்டு அடி. அக்கரை மண் காலில் பட்டபோது திரும்பிப் பார்த்தேன். பெட்டியின் பின் சில்லும் ஏறிவிட்டிருந்தது.

மருத்துவிச்சியும் நந்தனும் கூடப் போனார்கள். நான் நின்றுவிட்டேன். அம்புலன்ஸில் இடமில்லை.

4 டிசம்பர், சனி

தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. பட்டணத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அரிசியைக் களைந்தேன். களைந்ததை மறந்து மறுபடி களைந்தேன். சுகிர்தாவின் கோழிகளை அடைத்தேன், எட்டு. கந்தவனம் வந்து இருந்தார். இருவரும் அரசியல் பேசவில்லை.

மதகை நாலு தரம் போய்ப் பார்த்தேன். தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கடமை.

5 டிசம்பர், ஞாயிறு

மத்தியானம் நந்தன் வந்தான். சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு மதகின் மேலால் நடந்து வந்தான். தூரத்திலிருந்து நடையைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் எப்போதும் தலை குனிந்துதான் நடப்பான்.

“பெட்டைப் பிள்ளை மாமா. நேற்று விடியப்புறம். வெட்டித்தான் எடுத்தவை. ரெண்டு கிலோ நானூறு.”

“தாய்?”

“நித்திரை. அழுத்தம் இறங்கிப்போச்சு. இன்னும் ரெண்டு மணித்தியாலம் பிந்தியிருந்தால் எண்டு டொக்டர் சொல்ல வந்தவர். பேந்து சொல்லாமல் விட்டுட்டார்.”

“நீ எப்ப சாப்பிட்டனி?”

வெள்ளிக்கிழமை என்றான். சோறும் பருப்பும் சம்பலும் போட்டுக் கொடுத்தேன். வாசல்படியில் இருந்து சாப்பிட்டான். நாலு வாய் போனபிறகு தட்டைப் பிடித்தபடி குனிந்துகொண்டு அழுதான். சத்தம் இல்லை, தோள்தான் ஆடியது. 

“சம்பல் உறைப்புக் கூடிப்போச்சு” என்றேன்.

“ஓம் மாமா. நல்ல உறைப்பு” என்று புறங்கையால் முகத்தைத் துடைத்தான்.

அவன் கோழிகளைப் பார்க்கப் போனபிறகு நானும் போட்டுச் சாப்பிட்டேன். உண்மையில் எனக்கும் உறைப்பாகத்தான் இருந்தது.